வித்த மாட்டுக்கு விலாசம் கேட்டவ

அந்தப் பையைச் சித்தெ மடியில வெச்சுக்குங்க தம்பி, நானும் உக்காந்துக்கறேன். பொள்ளாச்சிதானுங்களே? நானும் பொள்ளாச்சிதான். அங்கிருந்து தாராபுரம், அப்புறம் மூலனூரு, அப்புறம் எங்க ஊருக்கு மினி பஸ்ஸு இருந்தா மினி பஸ்ஸு, இல்லாட்டி நடை. ஏனுங் தம்பி, உங்க ஊட்டுல மாடு கன்னு உண்டுங்களா? இல்லையா. நல்லதாப் போச்சு. மாடு வெச்சிருக்கறவங்கிட்ட இந்தக் கதையைச் சொன்னா அவன் சிரிச்சே என்னயக் கொன்னுபோடுவான். உங்ககிட்டச் சொல்லலாம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

ஒரு கூறுகெட்டவளைப் பாத்துட்டு வர்றனுங்க. என்ற ஊட்டுக்காரிதான். மயிலாத்தான்னு பேரு. இப்ப பஸ் ஏறுனமே கொழிஞ்சாம்பாறை, அங்கதான் இருக்கறா, ஆச்சு அஞ்சாறு மாசம். எதுக்குன்னு கேளுங்க. நான் ஒரு மாட்டை வித்தனுங்க. என்ற கட்டுத்தரையில நின்ன மாட்டை, என்ற கையால புடிச்சுட்டுப் போயி, சந்தையில வித்தேன். திருடிட்டா போனேன்? அது எங்க போச்சுன்னு கேட்டா. அவ்வளவுதானுங்க. எங்க போச்சுன்னு கேட்டுட்டுப் போனவ, திரும்பி வரல.

சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்குங்க. ஊரே சிரிக்குது.

செவலை மாடுங்க. நெத்தியில வெள்ளை, இடது கொம்பு கண்ணைப் பாத்து வளைஞ்சிருக்கும். நாலு ஈத்து ஈனுச்சு, நல்லாத்தான் கறந்துச்சு, பொய் சொல்லப்படாது. அப்புறம் சினை நிக்கல. மாட்டு டாக்டரு வந்து ஊசி போட்டாரு, நிக்கல. மறுக்காப் போட்டாரு, நிக்கல. பாலும் இல்ல, கன்னும் இல்ல, தீனி மட்டும் மூக்கு முட்ட. தீவனம் விக்கற வெலையில ஒரு வறட்டு மாட்டைக் கட்டி வெச்சுத் தடவிக் குடுத்துட்டு இருக்க நான் என்ன கோயிலா நடத்தறேன்? அவகிட்டச் சொன்னா, "இன்னொருக்காப் பாக்கலாமுங்க, ஒரு மழை பேஞ்சு பச்சை தின்னா நிக்கும்"பா. அவ பேச்சைக் கேட்டுட்டு இருந்தா அது கெழடுதட்டிச் செத்து, கடைசியில நாமதான் குழி வெட்டோணும். அதனால, தங்கச்சி பேத்திக்குக் காது குத்துன்னு அவ உடுமலைக்குப் போனா பாருங்க, அந்த வாரச் சந்தைக்கே ஓட்டீட்டுப் போயிட்டேன். கேட்டுட்டா விக்க முடியும்? பொம்பளைககிட்டக் கேட்டுட்டுப் பண்ணுன காரியம் எது உருப்பட்டிருக்குது?

நீங்க மாட்டுச் சந்தை பாத்திருக்கீங்களா? பாத்திருக்கமாட்டீங்க. தரகன் கையை நீட்டுவான், மேல ஒரு துண்டைப் போட்டு மூடுவான், உள்ளுக்குள்ள விரலைப் புடிச்சே வெலை பேசுவான். வெளிய நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. படிஞ்சா நம்ம கவுத்தை அவுத்து நம்ம தோள்ல போட்டுக்கோணும், வாங்கறவன் அவன் கவுத்தைக் கட்டிக்குவான். அப்புறம் திரும்பிப் பாக்கப்படாது. சில பேரு நின்னு அழுவானுக. மாட்டைக் கட்டிப் புடிச்சுட்டு மூக்கைச் சிந்துவானுக. சிந்துன கையாலயே பணத்தை வாங்கி எச்சலைத் தொட்டு எண்ணுவானுக. எனக்கு அந்த வேசமெல்லாம் ஆகாது. வந்தனா, வித்தனா, ஒரு டீயைக் குடிச்சனா, போனனான்னு இருக்கோணும்.

எங்க போகுதுன்னு எவனும் கேக்கமாட்டான். அது ஒரு மரியாதைங்க. தரகன் அவனாவே சொல்லுவான், "வளப்புக்குத்தானுங்ணா வாங்கறாங்க"ன்னு. பல்லு தேஞ்ச மாட்டை, மடி வத்துன மாட்டை, எவன் வளப்புக்கு வாங்குவான்? அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அக்கட்ட போண்டா சுடறவனுக்கும் தெரியும். ஆனா அவன் சொல்லோணும். சொன்னா நாம "அப்படீங்களா, நல்லதாப் போச்சு"ங்கோணும். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் ராத்திரி சோறு எறங்கும். நாகரிகம் தெரிஞ்சவங்க அப்படித்தான் நடந்துக்குவாங்க.

திரும்பி வந்தா. பையைக்கூட எறக்கி வெக்கல, நேரா கட்டுத்தரைக்குப் போனா. அங்க வெறுங் கவுறு தொங்குது.

"எங்கீங்க?"ன்னா.

"வித்துட்டேன்"னேன்.

ஒப்பாரி வெப்பான்னு பாத்தேன். வெச்சா ரெண்டு அதட்டு அதட்டலாம்னு தயாராத்தான் உக்காந்திருந்தேன். அழுகலீங்க. "யாருக்குங்க?"ன்னா.

இங்கதான் நீங்க என்ற மனசைப் பாக்கோணும். நான் கெட்டவனா இருந்தா, "அடிமாட்டுக்குப் போச்சு, போடி"ன்னு ஒரே பேச்சுல முடிச்சிருக்கலாமில்ல? முடிக்கல. "கேரளாவுல ஒரு பெரிய தோப்புக்காரரு வாங்கீட்டுப் போயிருக்காரு. எங்க பாத்தாலும் தென்னை. தென்னைக்கடியில முழங்கால் ஒசரத்துக்குப் புல்லு. எருவுக்காவத்தான் மாடு வளக்கறாரு. உன்ற மாடு அங்க ராணியாட்ட இருக்கும்"னேன். முப்பது வருசமா அவகிட்ட அதைத்தான் சொல்றேன். கெழட்டு எருமையை வித்தப்பவும் அதான், காளைக் கன்னை வித்தப்பவும் அதான், அவ பொறந்த ஊட்டுல இருந்து ஓட்டியாந்தாளே ஒரு கெடாரி, அது வயசாகி வித்தப்பவும் அதான். கேட்டுட்டுத் தலையை ஆட்டீட்டு அடுப்படிக்குப் போயிருவா. நம்பீட்டாத்தானே போவா?

அன்னிக்கு மட்டும் போகல. என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னா.

"அத்தனையும் அந்தத் தோப்புலதான் இருக்குதுங்களா?"

"ஆமா."

"அப்ப ஒருக்காப் போயி எல்லாத்தையும் பாத்துட்டு வந்தர்றேன். தோப்புக்காரரு பேரும் ஊரும் சொல்லுங்க."

பாத்தீங்களா புத்தியை? முப்பது வருசத்துக்கு முன்னால வித்த மாடு உசுரோட இருக்குமா? அதுகூடத் தெரியல. இந்த மாதிரி ஒரு மண்டூகத்தோட நான் குடும்பம் நடத்தியிருக்கறேன்.

ரெண்டு நாளு பேசாம இருந்தா. சரி, மறந்துட்டான்னு நெனச்சேன். அடுத்த சந்தையன்னிக்கு விடிஞ்சதும் தூக்குப்போசியில சோத்தைப் போட்டுக் கட்டீட்டுக் கெளம்பறா. எங்கடீன்னா, "தரகரைப் பாக்க"ங்கறா. டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதுல இருந்து இவளுகளுக்குக் காலு தரையில நிக்கறதில்லீங்க. அவ பஸ்ஸுல போறா, நான் வண்டியில பின்னாலயே போறேன். சந்தையில ஆம்பளைக மத்தியில இவ போயி நின்னு என்ற மானத்தை ஏலம் போட்டுட்டா? அதான் போனேன்.

தரகன் பேரு தங்கமுத்து. வாயைத் தொறந்தா பொய்யி, ஆனா தொழில்ல கெட்டிக்காரன். அவன் ஒரு மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு இருக்கறான், இவ போயி எதுத்தாப்பல நின்னுட்டா.

"போன வாரம் எங்க செவலையை எந்தத் தோப்புக்குங்க குடுத்தீங்க?"

"தோப்பா?"ன்னான் அவன். சுத்தி நின்னவனுக எல்லாம் சிரிச்சானுக. ஒருத்தன், "அக்கா, தோப்புல எடமிருந்தா என்ற மாமியாளையும் சேத்திக்கச் சொல்லுங்க"ன்னான். ஒரே சிரிப்பு. எனக்குப் பூமி பொளந்தா உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. அவளுக்கு வெக்கம் மானம் எதும் இல்ல. சிரிச்சு முடியற வரைக்கும் நின்னா. முடிஞ்சதும் மறுபடியும் அதே கேள்வி, அதே கொரல்ல. தங்கமுத்து என்னயப் பாத்தான். "சென்னியப்பண்ணா, கூட்டீட்டுப் போங்க"ன்னான். நான் கையைப் புடிச்சு இழுத்தேன். நகரல. யாவார நேரத்துல இது ஏதுடா தொந்தரவுன்னு அவன் கடைசியில, "பொள்ளாச்சி யாவாரி குப்புராசு லோடுல ஏத்துனதுங்கம்மா"ன்னு சொல்லிப்போட்டான். உடனே ரோட்டுக்குப் போயி பஸ்ஸுக்கு நின்னுட்டா.

வண்டியை டீக்கடையில போட்டுட்டு நானும் ஏறுனேன். வேற என்ன பண்றது? வழியெல்லாம் சொல்றேன், "ஏ புள்ள, வித்தது வித்ததுதான், கவுறு மாத்துனா நம்ம மாடு இல்ல, ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க"ன்னு. ஜன்னலைப் பாத்துட்டே வர்றா. பொள்ளாச்சியில எறங்கி குப்புராசு பட்டிக்கு ஒரு கல்லு தொலவு நடக்கோணும். அதுக்குள்ள நாலு எடத்துல உக்காந்துட்டா. அப்பெல்லாம் அவ அப்படித்தான், ஊட்டுலயும் ரெண்டு கொடந் தண்ணி தூக்குனா செவுத்தைப் புடிச்சுட்டு நிப்பா. மாடு தேட மட்டும் ஒடம்புல தெம்பு இருக்குது பாருன்னு சொன்னேன். எந்திரிச்சு நடந்தா.

பட்டியில ஐம்பது அறுவது உருப்படி நிக்குது. எல்லாத்துக்கும் முதுகுல பச்சைப் பெயிண்டுல ஒரு கோடு. இவ ஒவ்வொண்ணா மூஞ்சியப் பாத்துட்டே போறா, கலியாணத்துக்கு வந்த ஒறம்பரையை விசாரிக்கறாப்பல. ஒண்ணு நாக்கைத் தள்ளீட்டு நின்னுச்சு. அதுக்குப் போயி பக்கெட்டுல தண்ணி மோந்து வெக்கறா. அது இவ மாடா, இவ அப்பன் மாடா? "நாளைக்கு அறுக்கறதுக்கு இன்னிக்குத் தண்ணி காட்டி என்னடி ஆகப் போகுது"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கீட்டேன். அடக்கம் வேணுமில்ல.

குப்புராசு நல்ல ஆளுங்க. கட்டில்ல உக்காந்திருந்தவரு எந்திரிச்சு, "வாங்கம்மா"ன்னாரு. அவ கேக்கறா, "சந்தையில வாங்கற மாடெல்லாம் எங்கீங்க போகுது?"

"நல்லாக் கறக்கறது பண்ணைக்குப் போகுமுங்கம்மா. சினை மாடு ஊடூடாப் போகும். எளங்கன்னு வளப்புக்குப் போகும்."

"மீதி?"

அவரு என்னயப் பாத்தாரு. நான் கண்ணைக் காட்டுனேன். "மீதி தோப்புக்குத்தானுங்கம்மா"ன்னாரு. எவ்வளவு சூட்டிகை பாத்தீங்களா! அதோட நிறுத்தியிருந்தா எல்லாம் நல்லாப் போயிருக்கும். "எந்தத் தோப்புங்க?"ன்னு இவ கேட்டதும் மனுசன் தடுமாறி, "கொழிஞ்சாம்பாறை சுலைமான் ராவுத்தரு"ன்னுட்டாரு. பொய்யி சொல்றவன் பேரு சொல்லப்படாதுங்க தம்பி. ஊரோட நிறுத்திக்கோணும். முப்பது வருசமா நான் ஒரு பேரு சொன்னதில்ல.

அங்கிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு அடுத்த பஸ்ஸு. ராவுத்தரு ஊட்டுக்குப் பின்னால நெசமாலுமே அஞ்சாறு தென்னைமரம் நின்னுச்சுங்க. எனக்கு உசுரு வந்துச்சு. "பாரு, தோப்பு"ன்னேன். அவ தென்னையைப் பாக்கல. அதுக்கு அக்கட்ட ஒரு தகரக் கொட்டாய், சிமிட்டித் தரை, இப்பத்தான் கழுவி உட்டிருக்குது, தண்ணி இன்னும் ஓடுது. ஒரு ஓரத்துல உப்பைப் போட்டுத் தோலை மடிச்சு அடுக்கியிருக்குது. அதைப் பாத்துட்டே நின்னா.

அந்தாளு உள்ளிருந்து வந்தாரு. அறுவது வயசிருக்கும், வெள்ளை பனியனு, கைலி. இவ கேக்கறா, "செவலை, நெத்தி வெள்ளை, இடது கொம்பு கண்ணைப் பாத்து வளைஞ்சிருக்கும். இங்க வந்துச்சுங்களா?"

நான் அவ முதுகுக்குப் பின்னால நின்னுட்டுக் கையை ஆட்டறேன், கண்ணைச் சிமிட்டறேன், தென்னைமரத்தைக் காட்டறேன். எந்த மூடனுக்கும் புரிஞ்சிருக்கும். அந்தாளு என்னயப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு.

"அறுத்தாச்சும்மா. ஞாயித்துக்கெழமை."

அவ்வளவுதான் சொன்னாரு. சோறு தின்னாச்சுங்கறாப்பல.

"வந்தப்பத் தீனி தின்னுச்சுங்களா?"

"தண்ணி குடிச்சுது. வைக்கப்புல்லைத் தொடல."

"பயந்துச்சுங்களா?"

"லாரியிலதாம்மா பயமெல்லாம். நெருக்கி நிறுத்தியிருப்பாங்க, ஒண்ணு மேல ஒண்ணு உழுகும். இங்க வந்தாக் கொஞ்ச நேரந்தான். நானேதான் செஞ்சேன்."

"பாலு வத்துனதெல்லாம் இங்கதான் வருங்களா?"

"இங்க, இல்லாட்டி இந்த மாதிரி இன்னொரு எடம். ஏம்மா, தேடீட்டா வந்தீங்க? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா யாரும் தேடி வந்ததில்ல."

"தோப்புக்குப் போகும்னாங்க"ன்னா.

"யாரும்மா சொன்னா?"

யாருன்னு சொல்லல. என்னயத் திரும்பிக்கூடப் பாக்கல. அந்த மட்டுக்கும் புருசன் மேல ஒரு மரியாதை இருந்துச்சுன்னு வெச்சுக்குங்க.

இப்பக் கேளுங்க. அந்தாளு பொண்டாட்டி, ஐசும்மான்னு பேரு, ரெண்டு டம்ளர்ல டீ கொண்டாந்துச்சு. நான் தொடுவனா? மாட்டை அறுத்த கையி இருக்கற ஊடு. இவ வாங்கி மொடக்கு மொடக்குன்னு குடிச்சா! என்ற பங்கையும் எடுத்துக் குடிச்சா! அந்தப் பொம்பள பக்கத்துல உக்காந்து, "உக்காருங்கக்கா, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது, ரத்தம் இல்லையா"ன்னு கையைப் புடிச்சுப் பாத்துச்சு. இவ உக்காந்து என்னென்னமோ சொன்னா. எனக்குச் சொல்லாத சீக்கெல்லாம் அங்க சொல்லியிருக்கறா. நான் ரோட்டுல போயி நின்னுட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். முடிஞ்சுது, இனி ஊட்டுக்குப் போயிரலாம்னு நான் நெனைக்கறேன். சிமிட்டித் திண்டுல உக்காந்துட்டு என்னயக் கேக்கறா, "தாராபுரத்து டாக்டரு உங்களைத் தனியாக் கூப்புட்டு என்னங்க சொன்னாரு?"

அது என்னன்னா தம்பி, அதுக்குக் கொஞ்சம் முன்னால வயித்து நோவுன்னு அவளைக் கூட்டீட்டுப் போயி ஸ்கேன் எடுத்திருந்தேன். நானா எடுக்காம உட்டேன்? எடுத்தேன். கர்ப்பப்பையில கட்டின்னாரு டாக்டரு. தள்ளிப்போடாம எடுத்துருங்க, வெச்சிருந்தா மோசமாயிரும்னாரு. கத்தியைக் கையில வெச்சிருக்கறவன் வேற என்ன சொல்லுவான்? பொம்பளைன்னா வயித்துல ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யும். எங்கம்மாளுக்கு இல்லாததா, அவுங்க என்ன ஸ்கேனா எடுத்தாங்க? அதுவுமில்லாம கடலை புடுங்கற நேரம், ஆள் கெடைக்கறதில்ல. இவளையும் படுக்க வெச்சுட்டா கட்டுத்தரையை யாரு பாக்கறது? பயந்துக்குவான்னுதான் நான் சொல்லல. சத்துக் கொறைவு, மாத்திரை தின்னாச் சரியாப் போகும்னு சொல்லி வெச்சிருந்தேன். நல்லதுக்குச் சொன்னதுதானுங்களே?

"அதான் சொன்னனே, சத்துக் கொறைவு"ன்னேன்.

"ராவுத்தரு, கேட்ட ஒடனே சொன்னாருங்க"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரு மாடறுக்கறவனோட என்னயச் சேத்திப் பேசறா. கத்தீட்டேன். "கட்டி இருக்குதாம், எடுக்கோணுமாம், போதுமா? தெரிஞ்சுக்கிட்டியா? இப்ப வயிறு குளுந்துச்சா?"ன்னேன். பஸ் ஸ்டாண்டுல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

சத்தமே போடல அவ. "எப்பச் சொன்னாரு?"ன்னா.

"கடலை புடுங்கறதுக்கு முன்னால."

"அந்தக் கடலையெல்லாம் தின்னே தீந்துருச்சுங்களே"ன்னா.

சம்பந்தா சம்பந்தமில்லாத பேச்சு. பஸ் வந்துச்சு. நான் ஏறுனேன். அவ எந்திரிச்சா, சரி ஏறப்போறான்னு எடம் புடிச்சு வெச்சேன். அவ தூக்குப்போசியை எடுத்துட்டு, வந்த வழியிலயே நடந்து போறா. எங்கன்னு நெனைக்கறீங்க? திரும்ப அந்த ஊட்டுக்கே! நான் எறங்கல. ஒரு பொம்பளைக்குப் பின்னால எத்தனை தடவை ஓடறது? பசிச்சா வருவான்னு உட்டுட்டேன்.

வரல. ஒரு வாரங் கழிச்சு அவ தங்கச்சி உடுமலையில இருந்து போன் பண்ணுது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் ஆயிருச்சாம். அந்த ஐசும்மாதான் கூட்டீட்டுப் போயிச் சேத்துச்சாம், தங்கச்சியும் போயிப் பக்கத்துல இருந்துச்சாம். "இன்னும் கொஞ்ச நாளு உட்டிருந்தா அக்காவைப் பாத்திருக்க முடியாதுன்னு டாக்டரு சொன்னாரு மாமா"ன்னு போன்லயே அழுகுது. எல்லா டாக்டரும் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவானுகம்மா, போனை வையின்னேன். என்ற பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான், அவனும் லீவு போட்டுட்டுப் போயிப் பாத்துட்டு வந்தான். வந்ததுல இருந்து எங்கூடப் பேசறதில்ல. பேசாட்டிப் போகட்டும். நான் போகல. கட்டுத்தரையில ரெண்டு எருமை நிக்குது, போட்டுட்டுப் போக முடியுமா?

அந்த எருமைகளும் அவளாட்டத்தான், திமிரு. நான் மடியில கையை வெச்சா பாலை எக்கிக்கும். எட்டி உதைக்கும். பத்து நாளு பாத்தேன். ஓட்டீட்டுப் போயித் தங்கமுத்துகிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். எங்க போச்சோ. நான் கேக்கல. அவனும் பாவம், என்னயப் பாத்ததும் எதும் சொல்லல, வளப்புக்குங்கற வார்த்தையைக்கூடச் சொல்லல. இவ பண்ணுன காரியத்துல ஒரு தரகனுக்கு வாய் போச்சு பாருங்க. இப்ப கடையிலதான் சாப்பாடு. ஊருல கேக்கறவங்களுக்கு, "அவ தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல, தொணைக்கு இருக்கறா"ன்னு சொல்லி வெச்சிருக்கறேன். எல்லாரும் "அப்படீங்களா"ங்கறாங்க. நல்ல சனங்க. தோண்டித் தோண்டிக் கேக்கமாட்டாங்க.

இன்னிக்குத்தான் முதல் தடவை போறேன். எங்க இருக்கறான்னு நெனைக்கறீங்க? ராவுத்தரு ஊட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மலையாளத்தம்மா மாட்டுப்பண்ணை வெச்சிருக்குது. அதுல கறவைக்கு ஆளு. ஊட்டுல ராசாத்தியாட்ட இருந்தவ, ஊரான் மாட்டுக்குச் சாணி அள்ளறா. பண்ணையிலயே ஒரு ரூம்பு குடுத்திருக்குது. வெக்கமில்லாம நாலு சதை போட்டிருக்கறா. மூஞ்சி தெளிஞ்சு, கலியாணத்தன்னிக்குக்கூட அப்படி இருந்ததில்ல. ஒரு கணம் எனக்கே யாரோன்னு இருந்துச்சு.

"வாங்க"ன்னா. தண்ணி மோந்து குடுத்தா. எலை போட்டுச் சோறு வெச்சா. நான் என்ன சோத்துக்கா போனேன்?

"கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்"னேன்.

"சாப்பிடுங்க"ன்னா.

"சொல்றது காதுல உழுகுதா இல்லையா?"

"கொழம்பு ஊத்தட்டுங்களா?"

"நான் எதுக்கு வந்திருக்கறேன்னு நெனைக்கறே?"

"நெஞ்சை அடைக்கப் போகுது, தண்ணியைக் குடிங்க"ன்னா.

ஒறம்பரைக்குச் செய்யறாப்பல செய்யறா. கோவமா ரெண்டு வார்த்தை பேசுனாலாவது நானும் பேசுவேன். ஆன வயசுக்கு அடிக்கவா முடியும்? என்ற மேல பயம் இருந்தாத்தானே! கை கழுவுனதும் துண்டை எடுத்துக் குடுத்தா. மாத்திரை ஒழுங்காத் திங்கறீங்களான்னு கேட்டா, எனக்குச் சக்கரை இருக்குது. அந்த மலையாளத்தம்மா வாசல்ல நின்னு, "ஆரா மயிலா?"ன்னு என்னயக் காட்டிக் கேக்குது. இவ, "எங்க ஊர்க்காரருங்கம்மா"ங்கறா. ஊர்க்காரரு! அந்தம்மா முன்னால புருசன்னு சொல்ல வெக்கப்பட்டுட்டா. பொம்பளைகளுக்கு அந்த வெக்கமெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, மனசு உட்டுப்போகல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. பஸ்ஸுல ஏறி எடம் பாத்து என்னய உக்காத்தி வெச்சா, அந்தப் பக்கம் வெயிலுன்னுதான் நான் எந்திரிச்சு இங்க வந்தேன். டிக்கெட் அவளே எடுத்தா, அவ சம்பாரிச்ச காசுல. கண்டக்டர்கிட்ட, "பெரியவரைப் பொள்ளாச்சியில தாராபுரம் பஸ்ஸைக் காட்டி உடுங்க, கூட்டத்துல தடுமாறுவாரு"ன்னு சொன்னா. கண்டக்டரு பல்லைக் காட்டறான். எனக்குப் பஸ் தெரியாதா? இருந்தாலும் மனசுல ஒண்ணும் இல்லாதவ இத்தனையும் பண்ணுவாளா? நீங்களே சொல்லுங்க. தை பொறந்தா வந்துருவா. ஊட்டுக்கு வெள்ளை அடிக்கோணும், அவ இல்லாம எப்படி?

பஸ்ஸு எடுத்தப்ப நான் எட்டிப் பாக்கறேன், குறுக்கால ஆளு நிக்குது, ஒண்ணும் தெரியல. நீங்க ஜன்னலோரந்தானே இருந்தீங்க. பச்சைச் சீலை, கையில ஒரு காலிப் பால்கேனு வெச்சிருந்தாளே. திரும்பிப் பாத்தாளுங்களா?

இல்லீங்களா.

பொழுது எறங்கீருச்சில்ல தம்பி. அவளுக்குக் கறவை நேரம்.